முதல் கோப்பை

என் அத்தான் துப்பாத டீ கிடையாது. துப்புவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். எங்கள் தேயிலைக் கம்பெனியின் மாடியில், வடக்குப் பார்த்த ஜன்னலோரமாக ஒரு நீண்ட மேஜை. அதன்மேல் வெள்ளைப் பீங்கான் கோப்பைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரே எடை இலை, ஒரே கொதிநீர், ஒரே நேரம். மணி அடித்ததும் சாற்றைக் கிண்ணத்தில் வடித்துவிட்டு, வெந்த இலையைக் கோப்பை மூடியின்மேல் கவிழ்த்து வைப்போம். பிறகு அத்தான் கரண்டியோடு எழுந்து வருவார். இலையை மோப்பார். ஒரு கரண்டி சாற்றைத் தெருமுனை வரை கேட்கிற மாதிரி சர்ரென்று உறிஞ்சுவார். வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, சக்கரம் வைத்த வாளியில் துப்புவார். அந்த வாளியைத் தள்ளிக்கொண்டு அவர் பின்னாலேயே போகிறவன் நான். கம்பெனியில் அவரைப் பெரிய நாக்கு என்பார்கள், என்னைச் சின்ன நாக்கு என்பார்கள்.

அவர் என் அக்காவின் புருஷன். வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். சேர்த்துவிட்டதற்கு வட்டியும் முதலுமாக வசூல் செய்தவரும் அவர்தான். ஒருமுறை, புகை நாற்றம் ஏறிய ஒரு மூட்டையை நான் நல்லதென்று சொல்லிவிட்டேன். தவறுதான். அதற்காக மூட்டை கட்டுகிறவர்களையெல்லாம் மாடிக்குக் கூப்பிட்டு, அவர்கள் முன்னால் என் கழுத்தைப் பிடித்து அந்த வாளிக்கு மேலே குனிய வைத்தார்.

"மோந்து பாரு. இதுல எந்தக் கோப்பை கெட்டதுன்னு சொல்லு. ஒரு நாய்க்குட்டிகூடச் சொல்லிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முறைத்துப் பார்த்தால் வேலை போய்விடும், அதனால் சிரித்தேன். வாளியில் கிடந்தது முழுக்க அவர் எச்சில்.

ஆனால் எனக்கு நடந்ததெல்லாம் பகல் நேரத்தோடு முடிந்துவிடும். அக்காவுக்கு அப்படி இல்லை. கல்யாணமான மறுநாள் காலை அவள் டீ போட்டுக்கொண்டு வந்தாள். எங்கள் அப்பா, அம்மா, அவருடைய ஆட்கள் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். புது மாப்பிள்ளை ஒரு வாய் உறிஞ்சினார், எழுந்து போய்க் கைகழுவும் தொட்டியில் துப்பினார், வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"பாத்திரம் கழுவின தண்ணி," என்றார். "இவ கையால ஒரு கோப்பை டீய நான் முழுசாக் குடிச்சேன்னா, அன்னிக்கே இந்தத் தொழில விட்டுடறேன்."

அப்பா அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துவைத்தார். அது வேடிக்கை இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அவள் போட்டுத் தருவாள், அவர் ஒரு வாய் எடுத்துத் துப்புவார். வேண்டாமென்று சொல்லவும் மாட்டார். துப்புவதற்கு ஒன்று வேண்டுமே.

விருந்தாளிகள் வந்தால் இன்னும் மோசம். அக்காவைத் தட்டோடு நடுக்கூடத்தில் நிற்கவைத்துவிட்டுப் பாடம் எடுப்பார். அந்தப் பாடம் எனக்கு மனப்பாடம். உங்களுக்கும் உதவும், கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல இலை உள்ளங்கையில் வைத்தால் கனக்கும், ஊதினால் பறக்காது. பறப்பதெல்லாம் காம்பும் நாரும். கறுப்பில் ஒரு மெல்லிய பழுப்பு மினுமினுப்பு இருக்கும். வெந்தபின் புதுச் செப்புக்காசு நிறம் காட்டும். பச்சையடித்தாலோ கரியாகக் கறுத்தாலோ தூக்கிப் போட வேண்டியதுதான். சாறு கோப்பையின் ஓரத்தில் பொன் வளையம் கட்டும். ஆற ஆறக் கலங்கிப்போகும். விவரம் தெரியாதவர்கள் அதைக் கெட்டுவிட்டது என்பார்கள், உண்மையில் அதுதான் சத்துள்ள டீ. இவ்வளவும் சொல்லிவிட்டு மூக்கைத் தொட்டுக் காட்டுவார்.

"ஆனா இதெல்லாம் கண்ணுக்குத் தெரியறது. தேயிலை இருக்கே, அது பக்கத்துல என்ன வெச்சாலும் அந்த வாசனையக் குடிச்சுடும். வெங்காயம் வெச்சா வெங்காயம், மண்ணெண்ணெய் வெச்சா மண்ணெண்ணெய். பாத்தா ஒண்ணும் தெரியாது. மூக்குக்கு மட்டுந்தான் தெரியும். இப்ப இவ போட்டதப் பாருங்க."

அக்காவின் கோப்பையை எடுத்து ஒவ்வொருவராக மோக்கக் கொடுப்பார். இதில் என்ன குறை என்று அவர்களிடமே கேட்பார். ஒரு குறையும் இருக்காது. ஆனாலும் பெரிய நாக்கு கேட்கிறாரே என்று ஆளுக்கொரு குறை சொல்லுவார்கள். அவள் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கோப்பை எல்லாக் கைகளையும் சுற்றி அவளிடமே திரும்பி வரும்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வரிசையின் முதல் கோப்பை விற்பதற்கானது இல்லை, அது அளவுகோல். 'இந்தத் தரத்துக்கு இருக்க வேண்டும்' என்று வைத்துக்கொண்ட ஒரு மாதிரி இலை. மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான் நல்லது கெட்டது சொல்வோம். முதல் கோப்பையை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சந்தேகப்படுவதற்கே அதை வைத்துத்தானே பார்க்க வேண்டும்! அந்த மாதிரி இலையை அத்தான் கம்பெனியில் வைக்க மாட்டார். என்மேல் நம்பிக்கை கிடையாது. ஒரு தகர டப்பாவில் போட்டு வீட்டு அலமாரியில் வைத்திருந்தார். சாவி அக்காவின் இடுப்பில் இருந்தது. நல்ல டீயும் கெட்ட டீயும் அவளுக்கு ஒன்றுதான் என்பதால் அவளிடம் இருப்பதில் ஆபத்தில்லை என்று அவரே சொல்லுவார்.

அந்த வருஷ மழைக்காலத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. படுத்து எழுந்து, இளைத்துப்போய் வேலைக்கு வந்தார். வந்தவர் ஆளே மாறியிருந்தார். கோப்பை வரிசைக்கு முன்னால் நின்று, என்னைப் பார்த்து, "நீ மொதல்ல சொல்லு பாக்கலாம்," என்றார். நான் பயந்துகொண்டே சொன்னேன். அவர் உறிஞ்சித் துப்பிவிட்டு, "ம், சரிதான்," என்றார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை காலம் கழித்து மனுஷனுக்கு என்மேல் ஒரு மரியாதை வந்திருக்கிறதே என்று நினைத்தேன். வாளியைக்கூட அதிக சுறுசுறுப்பாகத் தள்ளினேன். ஒருநாள் என் தோளைத் தட்டி, "தேறிட்டடா," என்றார். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா ஒரு மத்தியானம் என்னை வரச் சொன்னாள். அத்தான் கடைவீதிக்குப் போயிருந்தார். ஒரு கோப்பையை என் முன்னால் வைத்தாள்.

"குடி."

வாயருகே கொண்டுபோனதுமே குமட்டியது. ரோஜா சோப்பு வாசனை. குளியலறையில் உட்கார்ந்துகொண்டு டீ குடிக்கிற மாதிரி. தொட்டியில் போய்த் துப்பினேன்.

"என்னக்கா இது, சோப்பக் கரைச்சு ஊத்திட்டியா?"

"கரைக்கல. வீட்டு டீத்தூள் டப்பாக்குள்ள ஒரு சோப்ப ராத்திரி வெச்சுட்டுக் காலையில எடுத்துட்டேன். அவ்வளவுதான்." நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரே உட்கார்ந்தாள். "போன வாரம் அடுப்புல பாலு அடிப்பிடிச்சுக் கருகி வீடே நாறுச்சு. அவரு பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தாரு. தலையக்கூடத் தூக்கல. சரி, பாத்துடலாம்னு இதப் போட்டுக் குடுத்தேன்."

"துப்பலயா?"

"குடிச்சாரு. கோப்பையக் கவுத்து முழுசாக் குடிச்சாரு. 'இன்னிக்குப் பரவால்ல'ன்னாரு."

சொல்லும்போது அவள் குரலில் ஒன்றுமே இல்லை. எனக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. காய்ச்சல் அவர் மூக்கைக் கொண்டுபோய்விட்டது. மூக்குப் போனால் நாக்குக்கு இனிப்பும் கசப்பும் துவர்ப்பும்தான் மிச்சம், தேயிலையை அது எப்படிக் கண்டுபிடிக்கும்? கண்ணால் நிறம் பார்த்து, வளையம் பார்த்து, மிச்சத்தை என்னிடம் பிடுங்கிக்கொண்டிருந்தார். மரியாதையாவது மண்ணாவது! என் மூக்கை இரவல் வாங்கிக்கொண்டு என் தோளைத் தட்டியிருக்கிறார். 'தேறிட்டடா' என்ற சொல்லை வீடுவரை சுமந்துகொண்டு போனவன் நான். அதை நினைத்தபோது, வாளிக்கு மேல் குனிந்து நின்றதைவிட அதிகமாக வெட்கமாக இருந்தது.

"யார்கிட்டயும் சொல்லாத," என்றாள் அக்கா. நான் சொல்லவில்லை.

இந்தச் சமயத்தில்தான் வெளியூரிலிருந்து பெரிய வியாபாரிகள் வருவதாகச் செய்தி வந்தது. நெட்டையான ஒரு வயசாளி, கூட அவர் மகள். எங்கள் இலை பிடித்திருந்தால் மொத்த விளைச்சலையும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் இலையை மட்டும் வாங்குகிறவர்கள் இல்லை. அதைத் தேர்ந்தெடுக்கிற நாக்கை நம்பி வாங்குகிறவர்கள். முதலாளியம்மா அத்தானைக் கூப்பிட்டு, அவர்கள் திருப்தியாகப் போனால் பெரிய நாக்கின் நாற்காலி ஆயுசுக்கும் அவருக்குத்தான் என்றும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவிட்டார்கள். பிறகு படியில் என்னைப் பார்த்தபோது, மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாத அந்த அம்மா, இதையும் சொன்னார்கள்:

"அவருக்கப்புறம் நீதான்னு நெனச்சேன்ப்பா. ஆனா உங்க அத்தானே வேண்டாம்னுட்டாரு. 'நல்ல பையன், ஆனா மூக்கு கெடையாது'ன்னாரு."

எனக்கு! மூக்குக் கிடையாது! அதை யார் சொல்வது? படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "சரிங்கம்மா," என்றேன். அன்று ராத்திரி அக்காவிடம் போனில் சொன்னேன், அப்படியே, ஒரு எழுத்து விடாமல். அவள், "அவங்க வர்றது என்னிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

வியாபாரிகள் வந்த அன்று காலையில் அத்தான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மாதிரி இலை டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி மாடி ஏறி வந்தார். என்னிடம் நீட்டினார். நான் தராசருகே கொண்டுபோய் மூடியைத் திறந்தேன்.

ரோஜா சோப்பு.

அத்தான் என்னிடமிருந்து ஒரு கை தூரத்தில் நின்று கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். டப்பா திறந்திருந்தது, அவர் முகம் அதற்கு நேர் மேலேதான். 'இலை நல்லா இருக்குல்ல?' என்கிற மாதிரி உள்ளே எட்டிப் பார்த்தார். கறுப்பும் பழுப்பு மினுமினுப்பும் குறையில்லாமல் இருந்தன. திருப்தியாகத் தலையாட்டினார். அவர் காதில் ஒரு வார்த்தை போட எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. மாதிரி கெட்டுவிட்டது, இன்றைக்கு முதல் கோப்பை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் மனுஷன் தப்பித்திருப்பார். நான் இலையை எடைபோட்டேன், முதல் கோப்பையில் கொட்டினேன், கொதிநீரை ஊற்றினேன். மனசு ஜில்லென்று இருந்தது.

மணி அடித்தது. முதலாளியம்மாவும் வியாபாரிகளும் மேஜைக்கு வந்தார்கள். அத்தான் முதல் கோப்பையின் இலையை மூக்கருகே தூக்கி, கண்ணை மூடி, நெஞ்சு நிரம்ப இழுத்தார். உறிஞ்சினார். துப்பினார்.

"இத ஞாபகத்துல வெச்சுக்குங்க," என்றார். "இந்த வாசனைதான் எங்க அளவுகோல். இது இல்லாத இலை இந்த வாசலத் தாண்டாது."

நெட்டையர் உறிஞ்சினார். அவர் புருவம் ஏறியது. மகள் உறிஞ்சினாள், துப்புவதற்கு அவசரமாக வாளியைத் தேடினாள், நான் பணிவாகத் தள்ளிக் கொடுத்தேன். ஆனால் இருவரும் வாயைத் திறக்கவில்லை. முதல் கோப்பை ஆயிற்றே. அளவுகோலைக் குறை சொல்ல நாம் யார் என்று, சோப்பை விழுங்கின முகத்தோடு மெல்லத் தலையாட்டினார்கள். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டும்தான் அப்படித் தலையாட்டுவார்கள். தெருவில் போகிற எவனாவது என்றால் அப்போதே என்ன கண்றாவி இது என்று கேட்டிருப்பான்.

தலையாட்டலைப் பார்த்ததும் அத்தானுக்குத் தைரியம் வந்துவிட்டது. இரண்டாவது கோப்பைக்குப் போனார். தங்கமான இலை அது, எனக்குத் தெரியும். உறிஞ்சிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நெறம் இருக்கு. ஆனா மொதல் கோப்பையில இருந்த வாசனை இதுல இல்ல."

"ஆமா, இல்லதான்," என்றாள் அந்தப் பெண், மெதுவாக.

மூன்றாவதிலும் இல்லை என்றார். நான்காவதிலும் இல்லை. அவர் சொன்னது ஒவ்வொன்றும் சத்தியம். எனக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது. கடைசியில் அந்தப் பெண் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஐயா, மொதல் கோப்பையில இருக்கறது என்ன வாசனைன்னு கொஞ்சம் சொல்லுங்களேன். நாங்க தெரிஞ்சுக்கறோம்."

அத்தான் ஒரு கணம் தடுமாறினார். பிறகு, எப்போதும் விருந்தாளிகளுக்குச் சொல்கிற குரலில், "பூ வாசனைங்க. உசந்த எடத்துல வெளையற இலைக்கு மட்டும் வர்ற பூ வாசனை," என்றார்.

முதலாளியம்மா கோப்பையை எடுத்து மோந்து பார்த்தார்கள். அவர்கள் முகம் மாறியது. ஏதோ சரியில்லை என்பது அப்போதுதான் அத்தானுக்குப் புரிந்தது. எது சரியில்லை என்பது மட்டும் புரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவர் கண்ணில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கெஞ்சினார்.

"நீ சொல்லுடா. நீதான் எடைபோட்ட. மொதல் கோப்பை எப்படி இருக்கு?"

இப்போதும் நேரம் இருந்தது. ஒரு பொய் போதும்.

"எனக்கென்ன தெரியும் அத்தான்?" என்றேன். "எனக்குத்தான் மூக்கே கெடையாதே."

அவர் மூஞ்சியில் ஈயாடவில்லை. முதலாளியம்மா என்னைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள். பிறகு மூலையிலிருந்த கைகழுவும் தொட்டிக்குப் போய், எதையோ கைக்குட்டையில் பொதிந்து எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

"கொஞ்சம் கண்ண மூடுங்க," என்றார்கள் அத்தானிடம். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்கள். "இத மோந்து பாத்துச் சொல்லுங்க. என்ன எலை இது?"

அவர் கண்ணை மூடினார். அவர் மூக்குக்குக் கீழே கைக்குட்டையைப் பிடித்தார்கள். இழுத்தார். இன்னொரு முறை இழுத்தார். நெற்றியில் வேர்வை துளிர்த்தது. இந்த நாற்காலி, இந்தக் கரண்டி, கம்பெனி முழுக்க எழுந்து நின்ற மரியாதை எல்லாம் அந்த ஒரு மூச்சில் தொங்கிக்கொண்டிருந்தன.

"புது எலைங்க," என்றார். "மொதல் தரம்."

கண்ணைத் திறந்தார். கைக்குட்டைக்குள் பாத்திரம் கழுவுகிற சோப்புக்கட்டி இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். முதலாளியம்மா அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கி என்னிடம் கொடுத்தார்கள். முதல் கோப்பையைக் கொட்டிவிட்டு நான் வரிசையைப் புதிதாக ஆரம்பித்தேன். அத்தான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். நான் துப்புகிற நேரம் வந்தபோது வாளி பக்கத்தில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் வாளியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

இப்போது நாற்காலி என்னுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போவேன். அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்; சாப்பாட்டில் ருசி தெரியாமல் இளைத்து, சட்டை தோளில் தொங்கும். போன வாரம் போனபோது அக்கா எங்கள் இருவருக்கும் டீ கொண்டுவந்தாள். என் கோப்பை அருமையாக இருந்தது. செப்பு நிறம், பொன் வளையம், நெஞ்சு வரை இறங்குகிற வாசனை. இப்படி டீ போடத் தெரிந்தவள் கொடுத்ததையா அவர் அத்தனை காலம் துப்பினார் என்று எனக்குக் கோபமே வந்தது. அப்போது அவர் கோப்பையின் ஆவி என் பக்கம் திரும்பியது.

ரோஜா சோப்பு.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், விருந்தாளிகள் முன்னால் நின்ற அதே மாதிரி. என்னை நேராகப் பார்த்தாள். நாற்காலியில் என்னை உட்காரவைத்தது யார் என்று அந்தப் பார்வை சொன்னது. எனக்கு முதன்முறையாக அவளிடம் பயம் வந்தது.

அத்தான் குடிக்கவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவள் காதில் விழாத மாதிரி என் பக்கம் சாய்ந்தார்.

"டேய், நீ சொன்னா நம்பறேன்," என்றார். "நல்ல டீதானே?"

"மொதல் தரம், அத்தான்," என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. உறிஞ்சவில்லை, சுற்றவிடவில்லை, சின்னப் பிள்ளை மாதிரி மடக் மடக்கென்று அடிவரை குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினார். அக்கா அதை வாங்கி, உள்ளே ஒரு சொட்டும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றாள்.